டம்ளர் சார் வெட்டிய குளம்

உலக நீர்நிலைகளின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாஷ்பேசின் அருகிலிருந்து, வாய் நிறையப் பற்பசை நுரையோடு வெளியிடப்பட்டது. இந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு நீர்த்தோட்டம் அமையவிருக்கிறது. அதில் அல்லி மலரும், கரையில் கோரை அசையும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் கோடுகூடத் தெரியும்படி அதன் நீர் தெளிந்து நிற்கும். வருங்காலத் தலைமுறை அதன் கரையில் நின்று வியக்கும்.

வருங்காலத் தலைமுறை அப்போது அங்கே இல்லை. மனைவி மட்டும் இருந்தாள். யாரோ ஒருவருடைய கால்சட்டையில் பழுதான ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"துப்பிட்டுப் பேசுங்க," என்றாள்.

அறிவித்தவர் நகரக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தலைமை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் தினமும் காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் கொஞ்சம் இடைவெளி விடுவார். பிறகு, "போகலாம்" என்பார். அதற்கப்புறம்தான் தண்ணீர் ஊருக்குப் போகிறது என்பது அவருடைய நம்பிக்கை. உண்மையில் அது விடியும் முன்பே போய், பாதி ஊர் குளித்தும் முடித்திருக்கும். மோட்டார் போடுகிறவர் அதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை, தங்கமான மனுஷன். நிலையத்தில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் டம்ளர் சார் என்றார்கள். அந்தப் பெயர் எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஓய்வு கொடுத்தபோது ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

மேற்பார்வை என்பது வேலை இல்லை, வியாதி. நிலையம் இல்லாவிட்டால் வீடு. மனைவி பின்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். புதுத்துணி தைப்பதில்லை. கிழிந்தது, தளர்ந்தது, நீளமானது, ஆள் பெருத்ததால் போதாமல் போனது, இவைதான் அவளிடம் வரும். காலையிலிருந்து குனிந்தே இருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதுகு "இனி என்னால் ஆகாது" என்று கைவிரிக்கும்போது, மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு போர்வையை விரித்துப் படுப்பாள். ஒரு குட்டித் தூக்கம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று சேர்த்துவைத்த ஒரே சொத்து அதுதான். நகை நட்டு என்றால் பூட்டி வைக்கலாம். தூக்கத்தை எங்கே பூட்டுவது?

டம்ளர் சார் வீட்டோடு வந்ததிலிருந்து அந்தச் சொத்துக்கு ஆபத்து வந்தது. அவள் கண் அசந்ததும் வாசலில் வந்து நிற்பார்.

"தூங்கறியா?"

"இல்ல."

"அப்ப ஒரு நிமிஷம் எந்திரி."

ஒரு நாள், நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிவிட்டேன், வந்து பார் என்பார். இன்னொரு நாள், இஸ்திரிப் பெட்டி சூடாவதற்கு இவ்வளவு நேரம் எடுக்கக்கூடாதே என்பார். அவள் குடிக்கப்போகும் டீயை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பதும் உண்டு. "போகலாம்" என்றால்தான் அவள் குடிக்கலாம்.

குளத்து யோசனை உண்மையில் அவளுடையதுதான். ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல், "அடுத்த தெரு பல் டாக்டர் வீட்டுல அல்லிக் குளம் வெட்டியிருக்காங்களாம்," என்றாள். அவர் நிமிரவில்லை. "தண்ணி ஒரே கலங்கலா கிடக்காம்," என்றாள். நிமிர்ந்தார். இரண்டு நாள் அதை மென்றுகொண்டே திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் பற்பசையோடு சேர்த்து வெளியிட்டார். தூண்டில் போட்டவளுக்கு மீன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டாலும் கவலை இல்லை. அவருக்கு வெளியே ஒரு வேலை வேண்டும். அவளுக்கு உள்ளே ஒரு தூக்கம் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

குழி தோண்ட அவளுடைய தம்பி வந்தான். பஸ் ஓட்டுநர். வாரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பவனுக்கு உடம்பு வளையட்டும் என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். மாமனார் வீட்டு விருந்துக்கு வந்தவன்போல் அவன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். டம்ளர் சார் வரைபடத்தை விரித்தார். நீள்சதுரமாக ஒரு தொட்டி, ஒரு முனையில் தண்ணீர் நுழையும் வாய், மறுமுனையில் வெளியேறும் வாய், நடுவில் வண்டல் படிய ஒரு தடுப்பு.

"அத்தான், நாம அல்லி வளர்க்கப் போறமா, ஊருக்கே தண்ணி விடப் போறமா?"

"தண்ணிங்கறது தண்ணிதான். அதுக்கு ஒரு முறை இருக்கு."

"பார்க்க ஒரு ஆளைப் புதைக்கிற அளவுக்கு இருக்கு. யாரை, அக்காவையா?"

"என்னை விட்டுடுடா," என்றாள் அக்கா ஜன்னல் வழியாக. "எனக்கு அந்தப் போர்வை போதும்."

கடைசியில் வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி ஒரு வடிவம் வந்தது. அதற்கு "இயற்கை வடிவம்" என்று டம்ளர் சார் பெயர் வைத்தார். அல்லிக்கு நாளில் பெரும்பகுதி வெயில் வேண்டும் என்பதால், துணி காயப்போடும் கொடி இருந்த இடம்தான் குளத்துக்கு வாய்த்தது. கொடி சுவரோரம் நிழலுக்குப் போனது. அன்றிலிருந்து வீட்டில் யாருடைய உள்ளாடையும் முழுதாகக் காய்ந்ததில்லை. ஓரத்தில் கோரை வைக்க மேல்படி, நடுவில் அல்லிக்கு ஆழம் என்று வெட்டினார்கள். ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்த்தார் டம்ளர் சார். அந்த ஒரு வேலையில் மட்டும் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. விளிம்பு சுற்றிலும் மயிரிழை பிசகாமல் இருந்தது. பிறகு கறுப்பு ரப்பர் விரிப்பைப் போட்டு, சுருக்கங்களை மடித்து மடித்துச் சமன் செய்தாள் மனைவி. துணி மடிப்பது அவளுக்குத் தெரியும். டம்ளர் சார் கரையில் நின்று, "இடது பக்கம் கொஞ்சம் தளர்வா இருக்கு," என்றார். அவள் இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள்.

செடிக்கு நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரி நல்ல வியாபாரி, தலையில் கூலிங் கிளாஸ், காதில் போன். அல்லிக் கிழங்கை ஒரு ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். தொட்டியில் களிமண்தான் போடணும், எரு கலக்கக்கூடாது, குருத்து மண்ணுக்கு மேல தெரியணும், மேலே சரளைக்கல் பரப்பணும், முதல்ல செங்கல் மேல உயரமா வைச்சு, இலை நீள நீள தொட்டியைக் கீழே இறக்கணும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, "தண்ணி முதல்ல பச்சையாகும். பயப்படாதீங்க. சும்மா விட்டா இலை மூடினதும் தானா தெளிஞ்சிடும்," என்றாள்.

டம்ளர் சாருக்குச் சிரிப்பு வந்தது. "தானாத் தெளியறதா? தண்ணியை நான் இன்னைக்கு நேத்தாப் பார்க்கறேன்?"

"அப்ப சும்மா விட வேண்டாம் சார்," என்றாள் நர்சரிக்காரி உடனே. "சும்மா விடறதுக்கு எங்ககிட்ட சரக்கு எதுவும் இல்ல. மத்த எல்லாத்துக்கும் இருக்கு."

களிமண் பிசைந்து, கிழங்கை வைத்து, சரளை பரப்பி, தொட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி செங்கல் மேல் வைத்தது மனைவி. வைக்கும் முறையை விளக்கியது அவர். தம்பி கரையில் உட்கார்ந்து, "அக்கா இறங்கினதும் தண்ணி எவ்வளவு ஏறிச்சு பார்த்தீங்களா அத்தான்," என்றான். ஈரக் களிமண் உருண்டை ஒன்று அவன் காதோரம் பறந்துபோனது. மீன் விடலாமா என்று கேட்டான். "மீனா? அது என் தண்ணிக்குள்ள அசிங்கம் பண்ணும்," என்றார் டம்ளர் சார்.

அன்று மத்தியானம் யாரும் வந்து எழுப்பவில்லை. அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

நர்சரிக்காரி சொன்னபடியே தண்ணீர் பச்சையானது. முதலில் ஒரு சாயல், பிறகு ஒரு நிறம், பிறகு கீரையை வேகவைத்து வடித்த மாதிரி ஒரு திரவம். டம்ளரில் எடுத்துத் தூக்கிப் பார்த்த டம்ளர் சாரின் முகம், பெற்ற பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்ட தகப்பன் முகம்போல் ஆனது. அவர் கைவைத்த தண்ணீர் எதுவும் இதுவரை பச்சையாக இருந்ததில்லை. இந்த ஊரில் அப்படி ஒரு பேச்சே கிடையாது.

படிகாரம் போட்டார். தண்ணீர் ஒரு நாள் தெளிந்ததுபோல் பாசாங்கு செய்துவிட்டு மறுபடி பச்சையானது. பிளீச்சிங் பவுடர் போட்டார். பச்சை போய்விட்டது. கூடவே அல்லியின் புது இலைகளும் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து மடங்கின. பிறகு மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தார். புதுத் தண்ணீர் என்பது பாசிக்குப் புதுச் சாப்பாடு. ஒரு வாரத்தில் அது இன்னும் கொழுகொழுவென்று வந்து நின்றது. மறுபடி இறைத்தார். காலையில் அவள் தொட்டிகளை வாளிக்குள் மாற்றுவாள், அவர் இறைப்பார், சாயந்திரம் அவள் தொட்டிகளைத் திரும்ப வைப்பாள். முதுகு முன்னைவிட அதிகமாகவே வலித்தது. ஆனால் அந்தக் காலைக்கும் சாயந்திரத்துக்கும் நடுவில் ஒரு மத்தியானம் இருந்தது. அது முழுக்க அவளுடையது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான் பழைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வெளியூரில் ஒரு மாதப் பயிற்சி, அனுபவசாலிகள் வந்து பேசவேண்டும் என்றார்கள். டம்ளர் சார் கண்ணாடி டம்ளரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கிளம்புமுன் மனைவியைக் குளக்கரையில் நிறுத்திப் பாடம் எடுத்தார். தினமும் காலையில் பார், இந்தப் புது டப்பாவிலிருந்து இவ்வளவு படிகாரம் கரை, இந்த மூலையிலிருந்து ஊற்று, கலக்கு, நிற்க விடு.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"எங்க, திருப்பிச் சொல்லு."

"பஸ் போயிடும்ங்க."

அவர் போனதும் அவள் போர்வையை விரித்துப் படுத்தாள். காலையிலேயே. மறுநாள், படிகாரம் கரைக்கவேண்டும் என்பது அவள் நினைவுக்கு வந்தது. நினைவு வந்ததே, அதுவே ஒரு வேலைதானே என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, அலுப்பு மட்டும்தான். பள்ளிச் சீருடைகள் மலைபோல் வந்து குவிந்திருந்தன. குளம் இருந்த திசையைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை டீயோடு பின்வாசலில் வந்து உட்கார்ந்தபோது, குளத்தின் அடியில் செங்கல் தெரிந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போனாள். செங்கல்லின் பொத்தல்கூடத் தெரிந்தது. அல்லி இலைகள் தட்டுத் தட்டாகப் பரவி வெயிலை மறைத்திருந்தன. பாசி பட்டினி கிடந்து செத்திருந்தது. நடுவில் ஒரு மொட்டு, விரல் நீளத்துக்கு, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து விரிந்தது. வெளுத்த ரோஸ், நடுவில் மஞ்சள். காலையில் விரிந்து, வெயில் ஏறி, மத்தியானம் ஆனதும் மூடிக்கொண்டது. அவளுக்கு அந்தக் குணம் மிகவும் பிடித்துப்போனது. மத்தியானம் ஆனால் யாரையும் கேட்காமல் மூடிக்கொள்ளும் ஒரு ஜீவன். அதன்பிறகு டீயைக் குளக்கரையில்தான் குடித்தாள். யாரும் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்க்கவில்லை. சீருடைகள் காத்திருந்தன. காத்திருக்கட்டும் என்று விட்டாள். அவள் வாழ்க்கையில் இது புதுசு.

டம்ளர் சாரைப் பஸ் நிலையத்திலிருந்து தம்பி கூட்டிவந்தான். பெட்டியை வைத்துவிட்டு அவர் நேரே பின்புறம் போனார். நின்றார். டம்ளரைத் துணியிலிருந்து பிரித்து எடுத்து, முக்கி, தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடினார். பயிற்சிக்குப் போன இடத்தில் அதற்கு வேலையே வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"பார்த்தியா?" என்றார். குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. "இதுதான் முறை. முறையா செஞ்சா எந்தத் தண்ணியும் பணியும். தினமும் எவ்வளவு கரைச்சே?"

அவள் பதில் சொல்வதற்குள், கொடியில் துண்டு தேடப்போன தம்பி அங்கிருந்தே கத்தினான். "அத்தான், இங்க சுவத்துமேல இருக்கற படிகார டப்பாவை இன்னும் பிரிக்கவே இல்லையே! அப்படியே ஒட்டினபடி இருக்கு!"

தம்பிக்கு இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் வண்டியை நுழைக்கத் தெரியும். பேச்சில் பிரேக் பிடிக்க மட்டும் தெரியாது.

டம்ளர் சார் மனைவியைப் பார்த்தார். "ஒண்ணுமே போடலையா?"

"மறந்துட்டேங்க."

"தினமுமா?"

"தினமும் மறந்துட்டேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தாள். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு, "அங்க இப்போ யாரும் டம்ளர் வைச்சுப் பார்க்கறதில்ல," என்றார். "சுவத்துல ஒரு பெட்டி மாட்டியிருக்காங்க. அதுவே பார்த்து அதுவே எழுதிக்குது. நான் பேசி முடிச்சதும் ஒரு பொண்ணு கை தூக்கிச்சு. கேள்வி கேட்கப் போகுதுன்னு நினைச்சேன். டீ எப்ப வரும்னு கேட்டுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அதன்பிறகு குளத்துக்கு அவர் தேவைப்படவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. மறுநாளும் உட்கார்ந்தார். அன்றும் தெளிந்தே இருந்தது. தெளிந்த தண்ணீரை எவ்வளவு நேரம்தான் மேற்பார்வை பார்ப்பது? அது திருப்பி ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பின்னறை வாசலில் நிழல் விழுந்தது.

"தூங்கறியா?"

"தூங்கல. செத்துக் கிடக்கேன்."

"அப்ப ஒரு நிமிஷம் எந்திரி. இந்த ஊசி வளைஞ்சிருக்கற மாதிரி இருக்கு, வந்து பாரு."

ஊசி வளைந்திருக்கவில்லை. அவள் எழுந்து பார்த்துவிட்டு, வளையவில்லை என்று சொல்லிவிட்டு, அதற்குப்பின் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் கத்தரிக்கோல். அதற்கு மறுநாள் மிஷினுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று அதைக் கழற்றியே வைத்துவிட்டார். வாடிக்கையாளர் வந்து நின்றபோது மிஷினில் பாதி பேப்பர் மேல் கிடந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அடுத்த நாள் படுத்தவள், வாசலில் நிழல் விழும் என்று கண்ணை மூடியபடி காத்திருந்தாள். விழவில்லை. ஓசையே இல்லாதது அவளை எழுப்பிவிட்டது. எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

டம்ளர் சார் குளக்கரையில் குந்தியிருந்தார். டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம், ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி. டம்ளர் காலியாக இருப்பதுபோல் இருந்தது, அவ்வளவு தெளிவு. அதை மெல்லத் திருப்பிக் குளத்திலேயே ஊற்றினார். பக்கத்தில் கிடந்த ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். ஒரு காலத்தில் இவர் கண்ணசைத்தால் பெரிய பெரிய மோட்டார்கள் ஓடும். இப்போது கன்னம் ஒட்ட உறிஞ்சி, இருமி, தண்ணீர் வந்ததும் குழாயைக் கொடிப்பக்கம் தாழ்வாக ஓடும் சாக்கடைக்குள் போட்டார். குளம் இறங்க ஆரம்பித்தது. அல்லி இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. இரண்டு மொட்டுகள் இருந்தன. தண்டு தாங்காமல் அவையும் ஒருபக்கம் சாய்ந்தன.

கூப்பிட்டிருக்கலாம். "என்னங்க பண்றீங்க" என்று ஒரு வார்த்தை போதும், குழாயை எடுத்துவிடுவார். மறுபடி தண்ணீரைப் பார்ப்பார். பிறகு வாசலில் நிழல் விழும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மொட்டுகளைப் பார்த்தாள். பிறகு தரையில் விரித்திருந்த போர்வையைப் பார்த்தாள்.

அவர் நிமிர்ந்தபோது கண்ணும் கண்ணும் பட்டன. பிடிபட்டவர் முகம்தான். ஆனால் தலைமை மேற்பார்வையாளர் ஆயிற்றே, முகத்தைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"தண்ணி லேசா கலங்கின மாதிரி தெரிஞ்சுது," என்றார்.

"ஆமாங்க," என்றாள் அவள். "நானே சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லக்கூடாதா?"

"உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்."

அவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. நிமிர்ந்து நின்று இடுப்பில் கைவைத்தார். "முழுசா மாத்தணும். இன்னைக்கு முடியாது. நாளைக்கும் வேலை இருக்கும். அதுக்கப்புறம் படிகாரம், அப்புறம் பார்க்கணும்… இதுல அவசரப்படக்கூடாது."

"அவசரம் என்ன," என்றாள். "மெதுவாவே பாருங்க."

போய்ப் படுத்தாள். குழாயில் தண்ணீர் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை.

அல்லி அதற்கப்புறம் பூக்கவில்லை.